மாளிகைமேட்டிலிருந்து கைஃபெங் வரை

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, உட்கோட்டையை ஒட்டி மாளிகைமேடு இருக்கிறது. ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம் அது. 1980-81இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே முதலில் அகழ்ந்தது. அண்மை ஆண்டுகளில் மறுபடியும் அகழ்ந்தது. செங்கல் சுவர்களின் அடித்தளம், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள் இவற்றோடு சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. வெளிர்பச்சைப் பூச்சுள்ள அந்தத் துண்டுகளைப் பார்க்கும் எவருக்கும் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவை இங்கே வந்தன சரி, இங்கிருந்து அங்கே போனவர்கள் யார்?

வணிகர்கள் போனார்கள் என்பது எளிய பதில், உண்மையான பதிலும்கூட. ஆனால் வணிகர்களோடு அரசனின் ஓலையைச் சுமந்துகொண்டு வேறு சிலரும் போனார்கள். இன்றைய வழக்கில் அவர்களைத் தூதர்கள் என்போம். 1015, 1020, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதர்கள் சீனத்தை அடைந்ததைச் சீன அரசவைப் பதிவுகள் சொல்கின்றன. இவற்றில் கடைசி இரண்டும், ராஜேந்திரன் கட்டிய இந்தத் தலைநகர் சோழப் பேரரசின் இதயமாக இருந்த காலத்தவை. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த மண்ணின் தூதுப் பணி வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தூதுகளைப் பற்றி ஒரு தமிழ்க் கல்வெட்டுகூடப் பேசவில்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம் முதல் கடாரம் வரை அவன் வென்ற கடல்கடந்த ஊர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. சீனத்துக்கு அனுப்பிய ஓலையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. வென்றதைப் பாடினோம், பேசப் போனதைப் பாடவில்லை. ஆகவே நம் தூதர்களின் பணி வாழ்க்கையை அறிய, அவர்கள் போய் நின்ற அவையின் எழுத்தர் எழுதி வைத்ததைத்தான் நாடவேண்டியிருக்கிறது.

சோங் அரச மரபின் வரலாறான ‘சோங் ஷி’ 1345இல், மங்கோலியர் ஆட்சியில் தொகுத்து முடிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையாக இருந்தவை அரசவையின் அன்றாடக் குறிப்புகள். அதில் சோழ நாட்டுக்கு ‘ஜூ-நியென்’ என்று பெயர். நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் இந்தப் பகுதியைப் பயன்படுத்தினார். பின்னர் நொபோரு கரஷிமாவும் தான்சென் சென்னும் சீன மூலங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தார்கள். நேரே சீனத்திலிருந்து தமிழுக்கு வந்த நம்பகமான முழுப் பெயர்ப்பு இன்னும் நம் மாணவர் கைக்கு எட்டவில்லை. இது ஒரு பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

முதல் தூதரின் பெயர் சுவோலி சான்வென். இது இன்றைய சீன உச்சரிப்பு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தென்சீன உச்சரிப்பு வேறாக இருந்திருக்கும். ‘சுவோலி’ என்பது ‘சோழ’ என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ‘சான்வென்’ சமுத்திரனா, சாமந்தனா என்பதில்தான் கருத்து வேறுபாடு. எனக்குச் சாமந்தன் என்பதே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் அது பதவிப்பெயர். சீன எழுத்தர் யார் நீர் என்று கேட்டபோது சொந்தப் பெயரைச் சொல்லாமல் சோழ சாமந்தன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவருக்குத் துணைத்தூதராகப் பூ ஷூ என்பவரும், நடுவராக வெங் வூ என்பவரும், காவல் அதிகாரியாக யா-லெ-ஜியா என்பவரும் போனார்கள். ‘பூ’ என்னும் முன்னொட்டைச் சீனர்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் பெயரில் வரும் ‘அபூ’வை எழுதப் பயன்படுத்தினார்கள். சோழனின் தூதுக்குழுவில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் கடல் வழி தெரிந்த ஒரு முஸ்லிம் வணிகராக இருந்திருக்கக்கூடும். அரசனின் ஓலையைப் பிடித்த கை சோழ அதிகாரியுடையது, கப்பலின் வழியை அறிந்த கண் வணிகருடையது. மொத்தம் 52 பேர்.

அவர்கள் போன வழியைச் சோங் ஷி நாள் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒரு பத்திக்காகவே அந்த நூலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாட்டை விட்டுப் புறப்பட்டு இலங்கைப் பக்கமாக 77 நாள் இரவு பகலாகக் கடலில் போனார்கள். அடுத்து 61 நாளில் கூலோ என்ற துறை, அதாவது மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை. அங்கிருந்து 71 நாளில் ஸ்ரீவிஜயம். பிறகு 18 நாளில் பின்-தௌ-லாங். கடைசியாக 20 நாளில் குவாங்சோவின் பீபா தீவு. நாட்டை விட்டதிலிருந்து குவாங்சோ சேரும் வரை மொத்தம் 1,150 நாள் என்று அந்தப் பத்தி முடிகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 77, 61, 71, 18, 20 இவற்றைக் கூட்டினால் 247 வருகிறது. கப்பல் ஓடிய நாட்கள் அவ்வளவுதான். மீதி 903 நாட்கள், ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள், எங்கோ துறைகளில் நின்ற நாட்கள். காற்று மாறுவதற்குக் காத்திருந்தார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் வங்கக் கடலைக் கடந்தால், மலாய்க் கரையில் அடுத்த காற்றுக்கு நிற்க வேண்டும். நீரிணையைக் கடந்து தெற்கே இறங்க ஒரு காற்று, அங்கிருந்து சீனக் கடலில் வடக்கே ஏற மறுபடியும் தென்மேற்குக் காற்று. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போனது. கப்பலைப் பழுதுபார்க்க வேண்டும், தண்ணீரும் அரிசியும் ஏற்ற வேண்டும், துறைமுகத்து அரசனைச் சரிக்கட்ட வேண்டும். காற்றைக் கணக்கில் கொண்டாலும் 903 நாள் அதிகம்தான். ஸ்ரீவிஜயத்தில் அவர்கள் விரும்பாமலேயே தங்கவைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எனக்கு உண்டு. சீனத்துக்குப் போகும் வழி ஸ்ரீவிஜயத்தின் கைக்குள் இருந்தது. தன்னைக் கடந்து இன்னொரு நாடு சீன அவையோடு நேரே பேசுவதை எந்த இடைத்தரகனும் விரும்பமாட்டான்.

அந்த வழியில் வரும் பின்-தௌ-லாங் என்பது பாண்டுரங்கம். இன்றைய வியட்நாமின் தென்கிழக்குக் கரையில் உள்ள பான் ராங் வட்டாரம். அப்போது அது சம்பா நாட்டின் தென்பகுதி. பான் ராங்குக்கு அருகே 9ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோபுரங்கள் ஹோவா லாய் என்ற இடத்தில் இன்றும் நிற்கின்றன. வடக்கே மி சோனில் சம்பா அரசர்கள் பத்ரேசுவரன் என்ற பெயரில் சிவனை வணங்கினார்கள். செங்கல்லை அடுக்கிக் கோயில் கட்டும் கையும், சிவனுக்கு அரசன் பெயரோடு ஈசுவரம் சேர்த்துப் பெயரிடும் வழக்கமும் சோழ நாட்டவருக்கு அந்நியமல்ல. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து சில ஆண்டே ஆன நேரத்தில் புறப்பட்டவர்கள் இவர்கள். தன் ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் சிவனைப் பெயர் சொல்லி வணங்கும் கரை ஒன்று இருப்பதை அறிந்தபோது அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? எழுதி வைத்திருந்தால் தமிழின் முதல் பயண நூலாக அது இருந்திருக்கும்.

1015ஆம் ஆண்டின் ஒன்பதாம் மாதம், தலைநகரான கைஃபெங்கில், சென்சோங் பேரரசர் முன் தூதுக்குழு நின்றது. அனுப்பிய அரசனின் பெயரை எழுத்தர் லுவோ-சா-லுவோ-ஜா என்று குறித்தார். ராஜராஜன்தான். முத்துச் சட்டை ஒன்று, முத்துத் தொப்பி ஒன்று, 21,100 லியாங் முத்து, 60 யானைத் தந்தம், 60 ஜின் குங்கிலியம் என்று காணிக்கையின் பட்டியல் இருக்கிறது. லியாங்கும் ஜின்னும் சீன எடை அளவுகள். தூதர்கள் தங்கள் பங்காக மேலும் 6,600 லியாங் முத்தும் 3,300 ஜின் வாசனைப் பொருளும் கொடுத்தார்கள். சான்வென் ஒரு தட்டில் முத்துகளையும் நீலக் கண்ணாடியையும் ஏந்தி மேலேறிச் சென்று அரியணைக்கு முன் பரப்பிவிட்டு, இறங்கி வந்து வணங்கினார். மன்னார் வளைகுடா முத்து அங்கே போய்ச் சேர்ந்த வழி இது. பாண்டிய நாடும் இலங்கையின் வடபகுதியும் சோழன் கைக்கு வந்த பிறகு முத்துக்குளிக்கும் இருகரையும் ஒரே அரசின் கீழ் இருந்தன. அந்த எடை அந்த அதிகாரத்தின் எடை.

ஓலையின் சீன வடிவம் முழுதாகவே பதிவாகியிருக்கிறது. அதில் ராஜராஜன் தன்னைப் புளித்த காடியில் மொய்க்கும் சிற்றுயிருக்கும் வைக்கோலால் செய்த நாய்க்கும் ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொள்கிறான். மும்முடிச் சோழன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன் இப்படி எழுதியிருப்பானா? வைக்கோல் நாய் சீனத்துப் பழம் தத்துவ நூலில் வரும் உவமை, தமிழ் நாட்டில் யாரும் கேட்டறியாதது. குவாங்சோவிலோ கைஃபெங்கிலோ மொழிபெயர்ப்பாளர் தம் அவைக்கு ஏற்ற பணிவை அதில் பெய்திருக்கிறார். திருமந்திர ஓலை எழுதுவோன் தஞ்சையில் எழுதியது ஒன்று, சென்சோங்கின் காதில் விழுந்தது வேறொன்று. இந்த இடைவெளியை அறியாமல் சீனத்துக்குச் சோழன் கப்பம் கட்டினான் என்று எழுதுவோரும் உண்டு, அதை மறுப்பதற்காகத் தூதே போகவில்லை என்போரும் உண்டு. இரண்டும் தவறு. அந்த அவைக்கு வெளியிலிருந்து யார் எது கொண்டுவந்தாலும் அதைக் கப்பம் என்றுதான் எழுதுவார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் வேறு தலைப்பு கிடையாது.

தூது அனுப்பியதற்கான காரணமாகச் சொல்லப்படுவது ஒன்றிருக்கிறது. பத்தாண்டுகளாகக் கடலில் பெரிய காற்றும் அலையும் இல்லை, அப்படி இருந்தால் சீனத்தில் ஒரு மாமனிதர் ஆள்கிறார் என்று பொருள் என முதியோர் சொல்வதுண்டு, வணிகர் வந்து சொன்னதும் அதை உறுதிப்படுத்தியது, ஆகவே அனுப்பினேன் என்பது அதன் சாரம். முதற்பாதி சீனப் பழநம்பிக்கைபோல ஒலிக்கிறது. வணிகர் வந்து சொன்னார்கள் என்பதுதான் நடந்தது.

விருந்தும் பரிசும் குச்சா நாட்டுத் தூதருக்குத் தரும் வரிசைப்படி தர ஆணையாயிற்று. குச்சா என்பது பட்டுச் சாலையில் பாலைவனத்தை ஒட்டிய சிறு நாடு. பேரரசரின் பிறந்தநாள் வந்தபோது சான்வென் குழுவினர், மடாலயம் ஒன்றில் துறவிகளைக் கூட்டி அவர் நீடூழி வாழ வேண்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். இதைச் சான்வென் தம் அறிவால் செய்தார் என்று நம்புகிறேன். எந்த ஆணையும் மூன்றாண்டு முன்னதாக இப்படி ஒரு விழாவை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்க முடியாது. வந்த ஊரின் வழக்கத்தைக் கவனித்து, அந்த ஊருக்குப் புரியும் மொழியில் மரியாதை செய்வது தேர்ந்த தூதரின் வேலை.

மறு ஆண்டு ராஜராஜன் பெயருக்கு ஆணை ஓலையும் நிறையப் பரிசும் கொடுத்துத் தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். ராஜராஜன் 1014இலேயே இறந்துவிட்டான். 1,150 நாளைப் பின்னோக்கி எண்ணினால் சான்வென் புறப்பட்டது 1012 வாக்கில். ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிய ஆண்டு அது. துறைகளில் காற்றுக்குக் காத்துக் கிடந்த அந்த 903 நாட்களில் எங்கோ, அவரை அனுப்பிய அரசன் இல்லாமற்போனான். இறந்தவனின் பெயரால் முத்து பரப்பினார், இறந்தவனுக்கு எழுதிய பதிலைச் சுமந்து திரும்பினார். அவருக்கு அது எந்தத் துறையில் தெரியவந்ததோ.

அடுத்தவரின் கதை நான்கு வரிதான். 1020இல் பா-லான்-தெ-மா-லியே-தி என்பவர் சோழ நாட்டிலிருந்து காணிக்கையோடு குவாங்சோ வந்து சேர்ந்தார், நோயுற்று அங்கேயே இறந்தார். ஆளுநர் அவருடைய ஓலையைத் தலைநகருக்கு அனுப்பினார். உடன் வந்தவர்களுக்கு விருந்திட்டு, நிறையக் கொடுத்து, ஊருக்கு அனுப்பும்படி ஆணை வந்தது. பெயரைத் தமிழாக்க எனக்குத் துணிவில்லை. பணியின்போது அயல்மண்ணில் உயிர்விட்டதாகப் பதிவுள்ள சோழத் தூதர் இவர் ஒருவரே.

அதன் பிறகு பதின்மூன்று ஆண்டு இடைவெளி. அதற்குள் தமிழ் நாட்டின் வரைபடமே மாறிவிட்டது. ராஜேந்திரனின் படை கங்கை வரை போய் வந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே புதிய தலைநகர் எழுந்தது. சோழகங்கம் வெட்டப்பட்டது, இன்று நாம் பொன்னேரி என்கிறோம். 1025இல் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைகளைத் தாக்கியது. 1033இல் கைஃபெங் வந்த தூதர் பூ யா-துவோ-லி. இவர் பெயரிலும் அந்த ‘பூ’ இருக்கிறது. அரசனின் பெயரை ஷி-லி லுவோ-சா யின்-துவோ-லுவோ ஜூ-லுவோ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீ ராஜேந்திர சோழன் என்பதைச் சிரமமில்லாமல் கேட்கலாம். பொன் மையால் எழுதிய ஓலை. நூறு தந்தம்.

பூ யா-துவோ-லி அவையில் சொன்னதாகப் பதிவாகியிருப்பது மனத்தைத் தொடுகிறது. இதற்கு முன்பும் பலமுறை வர முயன்றோம், கடற்காற்றில் கப்பல் உடைந்து வந்துசேர முடியவில்லை என்றார். பிறகு, சிறந்த முத்துகளை அரியணையின் காலடியில் தூவ அனுமதி கேட்டார். வெள்ளித் தட்டோடு மேலேறி, மண்டியிட்டு, தூவினார். உடைந்த அந்தக் கப்பல்களில் போனவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. மெய்க்கீர்த்தியில் வெற்றிகள் மட்டும் வரும். சீனப் பதிவில் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் வருவார்கள். இரண்டுக்கும் நடுவே கடல்.

மறு ஆண்டு அவருக்கு உயர் அவைப் பட்டமும் ‘ஹுவாய்-ஹுவா’ படைத்தலைவர் என்ற பட்டமும் தந்து வழியனுப்பினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துத் தூதர் சீனப் படைத்தலைவராக வீடு திரும்பினார். மாளிகைமேட்டின் எந்த மண்டபத்தில் நின்று அவர் ராஜேந்திரனிடம் இதைச் சொன்னாரோ, அதன் செங்கல்தான் இப்போது குழிகளில் தெரிகிறது. மேலே நின்றவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் மதில் கற்களைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

1077இல் வந்தது முதலாம் குலோத்துங்கன் காலத்துத் தூது. தலைவர் சி-லுவோ-லுவோ, துணைவர் நான்-பெய்-பா-தா, நடுவர் மா-து-ஹுவா-லுவோ. நான்-பெய்-பா-தா ஒரு நம்பி பட்டராக இருக்கலாமோ என்று ஊகிக்கிறேன். ஊகம் மட்டுமே. சோங் ஷி 27 பேர் என்கிறது, நம் நூல்களில் பரவியிருப்பது 72 என்னும் எண். முத்து, கண்ணாடிக் கலம், கற்பூரம், காண்டாமிருகக் கொம்பு, குங்கிலியம், பன்னீர், பெருங்காயம், வெண்காரம், கிராம்பு என்று பட்டியல் நீள்கிறது. இதில் சோழ நாட்டில் விளைந்தது எவ்வளவு? முத்து நம்முடையது. பன்னீரும் குங்கிலியமும் அரபு, பாரசீகக் கரையிலிருந்து வந்தவை. கற்பூரமும் கிராம்பும் கிழக்குத் தீவுகளில் விளைந்தவை. இரண்டு கடல்களின் சரக்கும் சந்திக்கும் மண்டியாக நாகப்பட்டினம் இருந்ததைத் தூதரின் தட்டே காட்டிக்கொடுக்கிறது.

பதிலுக்குக் கிடைத்தது 81,800 கோவை செப்புக் காசும் 52,000 லியாங் வெள்ளியும். ஒரு கோவைக்குப் பெயரளவில் ஆயிரம் காசு என்று கொண்டால் எட்டுக் கோடிக்கு மேல் காசு. அவ்வளவையும் கப்பலில் ஏற்றியிருக்க மாட்டார்கள், அங்கேயே பட்டும் பீங்கானும் வாங்கியிருப்பார்கள். பட்டுக்கோட்டை வட்டாரத்து விக்கிரமத்திலும் மன்னார்குடிப் பக்கத்துத் தளிக்கோட்டையிலும் புதையலாகக் கிடைத்த சீனக் காசுகளைப் பார்க்கும்போது இந்த 1077ஆம் ஆண்டுக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

இந்தத் தூதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அனுப்பிய சோழ அரசனின் பெயர் தி-ஹுவா-ஜியா-லுவோ என்று பதிவாகியிருக்கிறது. இதே பெயருள்ள ஒருவர் 1067இல் ஸ்ரீவிஜயத்தின் பெருந்தலைவராகச் சீன அவைக்கு வந்திருந்தார். குவாங்சோவில் தாவோ கோயிலொன்றைப் புதுப்பித்த செய்தி சொல்லும் 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் இவரே ஸ்ரீவிஜயத்தின் தலைவராக வருகிறார். குலோத்துங்கன் இளமையில் கடாரத்தில் இருந்தபோது பெற்ற பெயர் இது என்பது ஒரு சாராரின் வாதம். ஸ்ரீவிஜயத்தார் சோழ நாட்டைத் தமக்கு அடங்கியதுபோலச் சீன அவையில் காட்டினார்கள் என்பது தான்சென் சென் போன்றோரின் வாதம். நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். அதற்குக் காரணம் 1106இல் நடந்த ஒரு விவாதம்.

அந்த ஆண்டு பர்மாவின் பகான் அரசிடமிருந்து தூதர் வந்தார். சோழத் தூதருக்குச் செய்த மரியாதையையே இவருக்கும் செய்யலாம் என்று பேரரசர் சொன்னார். சடங்குத் துறையினர் மறுத்தார்கள். சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது, அதனால்தான் அவர்களுக்குத் தடித்த காகிதத்தில் எழுதி, சாதாரணப் பெட்டியில் வைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தோம், பகான் பெரிய நாடு, அதை அரபு நாட்டுக்கும் ஜியாவ்சிக்கும் உரிய வரிசையில் வைத்து, பொற்பூ இழைத்த வெண்பட்டுக் காகிதத்தில் எழுதிப் பொன் பூசிய குழலில் இட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்படியே முடிவாயிற்று.

ஜியாவ்சி என்பது அன்றைய வட வியட்நாம். ஸ்ரீவிஜயத்தைக் கப்பற்படையால் தாக்கி எண்பதாண்டு கழிந்தபின், சோழன் அதே ஸ்ரீவிஜயத்தின் சிற்றரசனாகச் சீனக் காகிதத்தில் எழுதப்பட்டான், வியட்நாமைவிடத் தாழ்ந்த வரிசையில். வாளால் வென்றது தூதில் கைநழுவிப் போயிற்று. ஸ்ரீவிஜயத் தூதர்கள் அடிக்கடி போனார்கள், அவையில் அவர்கள் சொன்னதே நிலைத்தது. நம்மவர் அறுபத்திரண்டு ஆண்டுகளில் சீனத்தை எட்டியது நான்கு முறை. அதிலும் ஒருவர் அவையை எட்டுமுன்பே இறந்தார்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். லீ தாய் தோ தன் தலைநகரைத் தாங் லாங்குக்கு, இன்றைய ஹனோய்க்கு, மாற்றியது 1010இல். ஏறத்தாழ கங்கைகொண்ட சோழபுரத்தின் வயதுதான் அந்த நகருக்கும். சீனத்தோடு தரைவழி எல்லை, ஓயாத உரசல், ஆகவே இடையறாத தூது. 1075இல் அங்கே அரசுத் தேர்வு தொடங்கியது. தேறியவர்கள் அதிகாரிகளானார்கள், அவர்களிலிருந்து தூதர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1304இல் தேர்வில் முதலிடம் பெற்ற மாக் தின் சி, 1308இல் மங்கோலியர் அவைக்குத் தூது போனார். 1597இல் ஏறத்தாழ எழுபது வயதில் பெய்ஜிங் போன ஃபுங் காக் கோவான், அங்கே கொரியத் தூதர் யி சு-குவாங்கைச் சந்தித்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. காகிதத்தில் சீன எழுத்தில் மாறி மாறி எழுதிப் பேசிக்கொண்டார்கள், கவிதையும் பரிமாறிக்கொண்டார்கள். லே குய் தோன் 1760 முதல் 1762 வரை தூது போய் வந்ததை விரிவாக எழுதினார். இவர்களுக்கு ஊர், பிறப்பு, படிப்பு, பதவி, பயணம், கவிதை, இறப்பு எல்லாம் தெரியும். ஒரு வியட்நாமியத் தூதரின் பணி வாழ்க்கையை நூலாக எழுதலாம். சோழத் தூதரின் பணி வாழ்க்கையை எழுதினால் ஒரு பத்திக்கு மேல் போகாது.

தூது என்ற செயல் தமிழ் அறியாததல்ல. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனது புறநானூற்றில் இருக்கிறது. பிற்காலத்தில் தூது ஒரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஆனால் அந்த இலக்கியத்தில் தூது போவது பெரும்பாலும் கிளியும் அன்னமும் மேகமும் நெஞ்சும். கப்பலேறிப் போன மனிதர் அங்கே இல்லை.

வந்தவர்களின் பெயரை எழுதத் தெரிந்திருந்தது என்பதுதான் கூடுதல் வருத்தம். குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களை வரியிலிருந்து நீக்கித் தரும்படி கேட்டார்கள். ராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தன் என்று அவர்கள் பெயர் லெய்டன் சிறிய செப்பேட்டில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் எந்த மாளிகையில் எந்தப் பீடத்தில் இருந்தபோது அந்த வேண்டுகோள் வந்தது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். கம்போச அரசன் காட்சிப் பொருளாக அனுப்பிய கல் சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்டதை 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. வரி நீக்கமும் கோயில் கொடையும் சட்ட ஆவணங்கள். அவற்றுக்குக் கல்லும் செம்பும் கிடைத்தன. தூதர் திரும்பி வந்து சொன்னது பனையோலையில் எழுதப்பட்டிருக்கும். நம் மண்ணில் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ராஜேந்திரனின் அவை எழுதவில்லை என்று சொல்வது நியாயமில்லை. எழுதியது அழிந்தது, படியெடுக்க யாரும் முனையவில்லை என்பதே சரி.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களில் மட்டும் பழைய அரசு இன்னும் தங்கியிருக்கிறது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். கோட்டையும் படைக்கலமும் மெய்க்காவலரும் ஊர்ப்பெயரானார்கள். ஓலை கொண்டு கடல் கடந்தவரின் பெயரில் ஒரு தெருகூட இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இப்போது நல்ல காலம். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. 2025 ஜூலையில் பிரதமர் வந்து ராஜேந்திரன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே எழுகிறது. அதன் சுவர்களில் கடாரப் படையெடுப்பின் வரைபடம் கட்டாயம் இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். அதன் பக்கத்தில் இன்னொரு வரைபடத்தையும் வையுங்கள் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சோழ நாட்டிலிருந்து இலங்கைப் பக்கமாக, கூலோ, ஸ்ரீவிஜயம், பாண்டுரங்கம், குவாங்சோ, கைஃபெங் என்று போகும் கோடு. ஒவ்வொரு துறைக்கும் நாள் எண்ணிக்கை. கீழே, ஆண்டு போட்டு, போனவர்களின் பெயர்கள், சீன எழுத்திலும் தமிழ் எழுத்திலும். சீனம் கற்ற தமிழ் மாணவர்கள் இருவருக்காவது நிதி கொடுத்து, சோங் காலத்து மூலங்களை நேரே தமிழுக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். அப்போது சான்வென் சாமந்தனா சமுத்திரனா என்பதை நாமே ஆராய்ந்து சொல்லலாம்.

பெயர்ப் பட்டியலை எழுதும்போது, 1020இல் குவாங்சோவில் இறந்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.